ஒரு நாள் நடையில் இரண்டு நாட்டுச் சாப்பாட்டு நேரம்: பைரனீஸ் மலையைக் கடக்கப் போகிறவர்களுக்கு

தங்கச்சிமடம்_கொண்டல்

அனைவருக்கும் வணக்கம். நம் இராமநாதபுரக் கடற்கரைப் பகுதியிலிருந்து ஐரோப்பாவின் கமினோ நடை யாத்திரைக்குப் புறப்படும் சிலர், முதல் நாள் மலை நடையில் எங்கே, எப்போது சாப்பிடுவது என்ற ஒரே கேள்வியைத் தனிமடலில் திரும்பத் திரும்பக் கேட்பதால், பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கோயிலின் பாதுகாவலரும் இயேசுவின் சீடருமான புனித சந்தியாகப்பரின் கல்லறை, ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்தில் இருப்பதாக ஐரோப்பியக் கத்தோலிக்கர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பி, நடந்தே அங்கு சென்று வருகிறார்கள். அங்கே செல்லும் பாதைகளுள் மிகுதியானோர் நடக்கும் பிரெஞ்சுப் பாதை, பிரான்சின் தென்மேற்கில் சேன் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கி ஏறக்குறைய 780 கிலோமீட்டர் நீள்கிறது. முழுப் பாதையைப் பற்றி எழுதப் போவதில்லை. பைரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினின் ரொன்சேஸ்வயேஸில் இறங்கும் முதல் நாளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன், ஏனெனில் அந்த ஒரு நாளில்தான் நம்மவர்களில் பலர் கால்வலியைவிடப் பசியால் அதிகம் சோர்ந்துபோகிறார்கள்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். சேன் ழான் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்றைய உச்சியான லெப்போயேதெர் கணவாய் 1,430 மீட்டரை ஒட்டியது. இறங்கி முடிக்கும் ரொன்சேஸ்வயேஸ் 950 மீட்டர் அளவில் உள்ளது. தூரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான் என்றாலும், இராமேசுவரத்துச் சிறு மேடான கந்தமாதன பர்வதத்தையே மலை என்று சொல்லி வளர்ந்த நமக்கு அந்த எண் சொல்வது ஒன்று, தொடை சொல்வது வேறொன்று. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்குப்படி, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரமும் வைத்தால், ஏழு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதில் ஓய்வும் இல்லை, முதுகுப் பையும் இல்லை, காற்றும் இல்லை. ஆகவே எட்டிலிருந்து ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நியாயமானது.

இப்போது சமையலறைக்கு வருகிறேன். பிரான்சில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். இரண்டு மணிக்குப் பிறகு கதவைத் தட்டினால் காப்பி கிடைக்கும், சோறோ கறியோ கிடைக்காது. ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கிறது, மூன்றரை அல்லது நான்கு மணிக்கு அடுப்பை அணைக்கிறார்கள், இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன்னால் வீட்டு வழக்கமே இல்லை. நடப்பவரோ காலையில் பிரான்சின் நேரத்தில் புறப்பட்டு, பிற்பகலில் ஸ்பெயினின் நேரத்துக்குள் இறங்குகிறார். வழியில் எட்டாவது கிலோமீட்டர் அளவில் ஒரிசோன் என்னுமிடத்தில் ஒரு மலைவிடுதி இருக்கிறது. ஏழு மணிக்குக் கிளம்பியவர் அதை அடையும்போது பத்து மணியாகிவிடும், அது மதியச் சாப்பாட்டு வேளையன்று. அதன் பிறகு ரொன்சேஸ்வயேஸ் வரை நம்பி இருக்கக்கூடிய சமையலறை ஒன்றுகூட இல்லை. அங்கே நான்கு மணிக்கு இறங்கினால், மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், இரவுச் சாப்பாடு தொடங்கியிருக்காது. அந்த இடைவெளியில் மது விற்கும் சிறுகடைகளில் ஆறிப்போன உருளைக்கிழங்கு முட்டை அடையும், நீள ரொட்டியைப் பிளந்து உள்ளே எதையாவது வைத்துத் தருவதும் மட்டுமே உண்டு.

ஆகவே ஆறு மணிக்கே கிளம்புங்கள். ஒரிசோனில் அமர்ந்து, பசிக்காவிட்டாலும், முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கென்று ஒரு நீள ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் வையுங்கள். எல்லையை ஒட்டி ரோலான் ஊற்று என்று ஒரு குழாய் இருக்கிறது. பாதையின் மூன்றில் இரண்டு பங்கு அங்கே முடிந்திருக்கும், தண்ணீர் நன்றாக இருக்கும், அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். எல்லையில் காவற்சாவடி கிடையாது. கால்நடை தாண்டாமலிருக்கத் தரையில் பதித்த இரும்புக் கம்பிகள்தான் ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்குவதன் அடையாளம்.

ரொன்சேஸ்வயேஸ் சேர்ந்தவுடன் படுக்கையைப் பிடிப்பதற்கு அடுத்த வேலை, யாத்திரிகர் சாப்பாட்டுக்குச் சீட்டு வாங்குவது. உள்ளூர்க்காரர்களின் ஒன்பது மணியை நடந்து வந்தவர்களால் தாங்க முடியாது என்பதை அறிந்து, ஏழு மணியளவில் முதல் பந்தி வைக்கிறார்கள். பந்தி என்றுதான் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத எட்டுப் பேரை ஒரு வட்ட மேசையில் உட்கார வைத்து, நடுவில் ஒரு பெரிய சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கரண்டி கைமாறும், யார் யாருக்கு ஊற்றுவது என்பதில் ஒரு நிமிடம் எல்லோரும் தயங்குவார்கள், பிறகு வயதில் மூத்தவர் எழுந்து ஊற்றத் தொடங்குவார். அடுத்து மலையாற்று மீன் வரும். தலையோடு முழுதாகப் பொரித்தது, கண் வெள்ளையாக வெந்திருக்கும், தோல் ஓரத்தில் மொறுமொறுப்பாகச் சுருண்டிருக்கும். மீனை நன்றாகத்தான் பொரிக்கிறார்கள் என்று நம் கடற்கரைக்காரன் ஒருவன் சான்றிதழ் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தயிரோ பழமோ உண்டு. ரொட்டியும் தண்ணீரும் திராட்சை மதுவும் அதே விலைக்குள் அடக்கம்.

கீழக்கரை_சங்கு

கொண்டல் அண்ணன், மிகவும் பயனுள்ள பதிவு. நானும் என்னுடன் வேலை பார்க்கும் நண்பர்கள் இருவரும் வரும் செப்டம்பரில் இந்தப் பாதையின் முதல் வாரத்தை மட்டும் நடக்கலாம் என்று இருக்கிறோம். எங்களுக்கு இது யாத்திரை அன்று, மலை நடைதான். அங்கே வரும் பலரும் வழிபாட்டுக்காக மட்டும் வருவதில்லை என்று கேள்விப்பட்டதால் துணிந்தோம். எங்கள் கவலை சாப்பாடு. ஸ்பெயினில் பன்றி இறைச்சியைக் கறியாக மட்டுமல்லாமல் மசாலாவைப் போலவும் போடுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். மீனைக் கேட்டு வாங்கினால் போதுமா? மேசையில் மது இருக்கும்போது, குடிக்காதவரை அவர்கள் எப்படி நடத்துவார்கள்? கடைசி நேரத்தில் பட்டினி கிடப்பதைவிட, முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது என்று நினைக்கிறோம்.

தங்கச்சிமடம்_கொண்டல்

பாய், உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் உண்மை. நான் மேலே புகழ்ந்த அதே மலையாற்று மீனில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. ரொன்சேஸ்வயேஸ் இருக்கும் நவார்ரா மாநிலத்து வழக்கப்படி, மீனின் வயிற்றைப் பிளந்து உள்ளே உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கறியை ஒரு துண்டு வைத்துப் பொரிப்பார்கள். எல்லா இடத்திலும் வைப்பதில்லை, ஆனால் கேட்காமல் நம்பக் கூடாது. "சின் ஹாமோன்" என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். சீட்டு வாங்கும்போதே சொல்லுங்கள், பந்தியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையற்காரருக்கு வழியில்லை. துவரை போலத் தெரியும் பருப்புச் சாற்றிலும் கொண்டைக்கடலைக் குழம்பிலும் சிவப்பு நிறத்தில் எண்ணெய் மிதந்தால், அது பெரும்பாலும் பன்றித் தொத்திறைச்சியின் எண்ணெய். உருளைக்கிழங்கு முட்டை அடையில் வழக்கமாக முட்டை, கிழங்கு, வெங்காயம், எண்ணெய் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. வெறும் ரொட்டியில் மாவும் உப்பும் நீரும் புளிப்பும்தான் இருக்கும். இனிப்பு ரொட்டிகளிலும் பிஸ்கோத்துகளிலும் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு, அவற்றைக் கேட்டு வாங்குங்கள். பிரான்சுப் பக்கத்தில் வாத்துக் கறியை வாத்துக் கொழுப்பிலேயே வேக வைப்பார்கள், ஆனால் அறுத்த முறை உங்களுக்கு ஒத்துவராது. அங்கே முட்டையில் குடைமிளகாயும் தக்காளியும் சேர்த்துக் கிளறுவது உண்டு, அதை வாங்கலாம், தட்டில் பக்கவாட்டில் தொடைக்கறி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மதுவைப் பற்றிக் கவலையே வேண்டாம். போத்தல் மேசைக்குப் பொதுவாக வருகிறது, தண்ணீர்க் குடுவையும் அதன் பக்கத்திலேயே வருகிறது, யார் எதை ஊற்றிக்கொள்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் பங்கு அடுத்தவருக்குக் கிடைக்கும் என்பதால் அவர்கள் மகிழ்வார்கள் என்றே நினைக்கிறேன்.

தொண்டி_மாலுமி

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. வணிகக் கப்பலில் பல துறைமுகங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடினமான உடலுழைப்பு இருக்கும் நாளில் வயிற்றைப் புதுச் சாப்பாட்டிடம் ஒப்படைக்கக் கூடாது. மலையில் நடுவழியில் வயிறு கெட்டால் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. நம் வீட்டில் புளியோதரைக்கான பொடியும், பருப்புப் பொடியும், வறுத்த நெத்திலிக் கருவாடும், கருப்பட்டியும் கட்டிக்கொண்டு போனால், அந்த ஊர்ச் சமையலறை எப்போது மூடுகிறது, எப்போது திறக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடப்பவர்கள் வழியெல்லாம் தெரிந்த சாப்பாட்டைச் சாப்பிடுவதால்தான் அத்தனை தூரம் நடக்கிறார்கள். வெளிநாட்டு மலையில் மட்டும் எதற்கு வீரம்?

சேது_நடை

மாலுமி அண்ணன் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன், ஏனெனில் நான் சைவம். ஆனால் கட்டிக்கொண்டு போவதற்கு முன்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி, இறைச்சியோ பாலோ அவற்றால் செய்த பொருளோ தம் பையில் கொண்டுவரக் கூடாது. பால்கோவாவும், நெய்ப் போத்தலும் இந்தத் தடைக்குள் வருகின்றன. தேன் இரண்டு கிலோ வரை அனுமதி. பழங்களில் தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், அன்னாசி, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் சான்றிதழ் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால் மீனுக்கு இருபது கிலோ வரை இடம் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே மாலுமி அண்ணனின் கருவாடு சட்டப்படி நுழைந்துவிடும், என் நெய்தான் வாசலில் நின்றுவிடும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்துக் கிண்டும் கீழக்கரைத் தொதல் எடுத்துப் போகத் தடையில்லை என்பதைச் சங்கு தம்பி குறித்துக்கொள்ளலாம்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்பெயினில் காய்கறி ரொட்டி என்று பலகையில் எழுதியிருப்பதை வாங்கினால், உள்ளே இலைக்கோசுக்கும் தக்காளிக்கும் நடுவில் அவித்த முட்டையும் சூரை மீனும் இருக்கும். கலவைச் சாலட்டிலும் அப்படியே. கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும், ஏனெனில் அவர்கள் கணக்கில் மீன் கறியில் சேராது. மீன் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதே சமயம் நவார்ரா காய்கறிக்குப் பெயர்போன நிலம். அஸ்பாரகஸ் எனப்படும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டும், லொதோசா ஊரின் சுட்டுத் தோலுரித்த சிறு குடைமிளகாயும், தூதேலா ஊரின் கூனைப்பூவும் (ஆர்டிசோக்) போத்தலில் அடைத்தவையாக எல்லாச் சிறுகடைகளிலும் கிடைக்கும். ஒரு போத்தல் மிளகாயும் ஒரு ரொட்டியும் இருந்தால் என் மதியச் சாப்பாடு முடிந்துவிடும். செம்மறி ஆட்டுப்பாலை உறையவைத்துத் தேன் ஊற்றித் தரும் குவஹாதா என்ற இனிப்பை மலையடிவாரத்தில் தருவார்கள். பழைய முறையில் பழுக்கக் காய்ச்சிய கல்லைப் பாலுக்குள் போட்டுச் சுட வைப்பார்களாம், அதனால் இலேசான தீய்ந்த வாசம் இருக்கும். அதை உறையவைப்பது ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் என்பதால் நான் தொடவில்லை. பாலாடைக்கட்டியிலும் அதே கேள்வி இருக்கிறது.

சாயல்குடி_முண்டு

மிளகாயைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் உள்ளே வருகிறேன். மலையின் இரு பக்கமும் வாழும் பாஸ்க் மக்களின் நாட்டில், சேன் ழான் இருக்கும் அதே பகுதியில் எஸ்பெலெத் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே விளையும் சிவப்பு மிளகாய்க்கு பிரான்சு 2000ஆம் ஆண்டில் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது. நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு 2023இல்தான் வந்தது. இலையுதிர் காலத்தில் மிளகாயைச் சரமாகக் கோத்து வெள்ளையடித்த வீட்டின் முகப்பில் வரிசையாகத் தொங்க விடுகிறார்கள். நாம் களத்திலும் சாலையோரத்திலும் பரப்பிக் காய வைப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கடைவிளம்பரமோ என்று தோன்றும், ஆனால் தொடக்கத்தில் அது காய வைக்கும் முறைதான். வெயில் குறைந்த, அடிக்கடி தூறும் ஊரில் தரையில் பரப்பினால் பூசணம் பிடித்துவிடும், அதனால் கூரைக்குக் கீழே சுவரோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். காரத்தைப் பொறுத்தவரை நம் ஆட்கள் ஏமாந்துதான் போவார்கள். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் அதிகம் போனால் நான்காயிரம். அதை அவர்கள் மிளகுக்குப் பதிலாகக் கன்றுக் கறியிலும் முட்டையிலும் தூவுகிறார்கள், வாசத்துக்காகத்தான், எரிச்சலுக்காக அன்று. கொண்டல் அண்ணன் குறிப்பிட்ட முட்டைக் கிளறலில் விழுவதும் இதுவே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரே இனச் செடி அங்கே வாசமாகவும் இங்கே காரமாகவும் நிலைத்துவிட்டது. மாலுமி அண்ணனுக்கு ஒன்று சொல்கிறேன். முண்டுத் தூள் ஒரு சிறு டப்பாவில் எடுத்துப் போனால் போதும், மூட்டை வேண்டாம்.

தங்கச்சிமடம்_கொண்டல்

மாலுமி அண்ணனுக்கு என் பதில். பழனி, வேளாங்கண்ணி உதாரணம் உங்கள் கருத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. அங்கே நடப்பவர் யாரும் தம் வீட்டுச் சோற்றைச் சுமந்து நடப்பதில்லை. வழியிலுள்ள ஊர்க்காரர்கள் எந்த நேரத்தில் அன்னதானப் பந்தலைத் திறக்கிறார்களோ அந்த நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், நடையின் வேகமே அதைப் பார்த்துத்தான் அமைகிறது. பைரனீஸிலும் அதையே செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். மேலும், பொடி இருந்தால் சோறு வேண்டும், சோறு வடிக்க அடுப்பு வேண்டும். ரொன்சேஸ்வயேஸில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே விடுதியில் தங்குகிறார்கள், இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அந்தப் படுக்கைக்கூடத்தில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதைத் தங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

கருவாட்டை அங்கே கொண்டுபோக வேண்டியதும் இல்லை, ஏனெனில் அங்கேயே இருக்கிறது. கடலே தெரியாத நவார்ரா, அரகோன் மலைநாட்டில் பழைய வீட்டுச் சாப்பாடு ஒன்று உப்புக் கருவாட்டில்தான் செய்யப்படுகிறது. வட அட்லாண்டிக்கில் பிடிக்கும் காட் என்ற மீனை உப்பிட்டு உலர்த்தி, கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றி, மலைவழியே உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்க் மீனவர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரை வரை காட் மீனுக்கும் திமிங்கலத்துக்கும் சென்றிருக்கிறார்கள். தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சி விலக்கும் கத்தோலிக்க வழக்கம், கடற்கரையிலிருந்து நூறு கல் தொலைவிலும் அந்தக் கருவாட்டுக்குச் சந்தையை உண்டாக்கியது. கழுதைக்காரர்கள் வழிச் சத்திரங்களில் பூண்டும் எண்ணெயும் மட்டும் சேர்த்துச் சமைத்ததுதான் இன்று மிளகாயும் தக்காளியும் சேர்ந்து அஹோஅர்ரியேரோ என்ற பெயரில் மேசைக்கு வருகிறது.

சமைக்கும் முறையை நான் ஒரு சத்திரத்துப் பின்கட்டில் பார்த்தேன். கருவாட்டைப் பலகைத் துண்டுகளாக வெட்டித் தோல் மேல்பக்கம் இருக்கும்படி தொட்டியில் அடுக்கி, ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை, தண்ணீரைப் பலமுறை மாற்றி ஊற வைக்கிறார்கள். பிழிந்து பார்த்து, நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்து, உப்பு இன்னும் இருக்கிறது என்று அந்த அம்மா மீண்டும் தண்ணீரை ஊற்றினார். பிறகு விரலாலேயே இழை இழையாகப் பிரித்துப் பூண்டு எண்ணெயில் போட்டார். கொழுப்பில்லாத வெள்ளை மீன் என்பதால் உப்பை நன்றாகப் பிடிக்கிறது, காய்ந்த பிறகு சிக்கடிப்பதில்லை. சாளையைக் காய வைத்தால் எண்ணெய் ஏறி மஞ்சளாகிவிடும் என்று பாம்பன் கரையில் சொல்வார்களே, அதன் மறுபக்கம் இது. சங்கு பாய்க்கு இதில் தடையேதும் இல்லை, தொடைக்கறி சேர்க்காத சமையலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்டி_மாலுமி

அன்னதானப் பந்தல் விஷயத்தில் உங்கள் வாதம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். படுக்கைக்கூட விஷயத்தில் நெத்திலிக்கு நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள். கருப்பட்டியையும் பேரீச்சம்பழத்தையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரிசோனிலிருந்து இறங்கும் வரை சமையலறை இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். மணிக்கணக்கில் நடப்பவருக்கு மணிக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம் வரை மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட அளவு. ஐந்தாறு சிறிய பேரீச்சம்பழம் அதன் கீழ் அளவைத் தந்துவிடும், கையிலே எடுத்து மெல்லலாம், உட்கார வேண்டியதில்லை.

எனக்கு விளங்காத ஒன்றைக் கேட்கிறேன். ஸ்பெயின்காரர்கள் எதற்காக இவ்வளவு தாமதமாகச் சாப்பிடுகிறார்கள்? வெயில் ஊர் என்பார்கள், ஆனால் வெயில் ஊர்க்காரர்களான நாம் பன்னிரண்டரைக்கே இலையைப் போட்டுவிடுகிறோம்.

சேது_நடை

இதற்குக் கடிகாரத்தில் ஒரு விடை இருக்கிறது. ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. ஆனால் 1940 மார்ச்சில் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு, நடு ஐரோப்பிய நேரத்துக்கு ஏற்பக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்தியது, அது திரும்பவே இல்லை. கோடையில் மேலும் ஒரு மணி நேரம் கூடுகிறது. இதனால் ஜூலையில் ரொன்சேஸ்வயேஸில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் இரண்டு மணி பத்து நிமிடத்தை ஒட்டி. நம் இராமேசுவரத்தில் அது பன்னிரண்டேகாலை ஒட்டி வருகிறது. சூரியனைப் பார்த்துச் சொன்னால் அவர்களும் நம்மைப் போலவே உச்சிவேளையில்தான் சாப்பிடுகிறார்கள். நடப்பவருக்கு இதனால் நேரடிப் பயன் உண்டு. கடுமையான வெயில் பன்னிரண்டு மணிக்கு அன்று, இரண்டிலிருந்து ஐந்து வரை இருக்கிறது. காலை ஆறு மணிக்கு இருட்டு விலகாதிருக்கும், இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

தொண்டி_மாலுமி

தீர்க்கரேகை பார்த்துப் பிழைத்தவனிடம் இந்தக் கணக்கைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஒன்று இடிக்கிறது. மலைக்கு வடக்கே இருக்கும் சேன் ழானும் அதே தீர்க்கரேகையில்தான் இருக்கிறது. பிரான்சும் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது 1940இல் நடு ஐரோப்பிய நேரத்துக்கு மாறி இன்று வரை அதிலேயே இருக்கிறது. கடிகாரமும் ஒன்று, சூரியனும் ஒன்று, இரு பக்கமும் பாஸ்க் மக்கள். அப்படியிருக்க, வடக்கே பன்னிரண்டரைக்கும் தெற்கே இரண்டரைக்கும் சாப்பிடுவதைக் கடிகாரத்தின் தலையில் எப்படிக் கட்டுவது?

சேது_நடை

நல்ல பிடி, அண்ணன். கடிகாரத்தை முழுக் காரணமாக வைக்க முடியாது என்பதை ஏற்கிறேன். வேலைநாளின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் கடைகளும் அலுவலகங்களும் வேலைநாளை இரண்டாகப் பிளந்து, நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் மூடி, மாலை எட்டு மணி வரை நடத்துவது நெடுங்கால வழக்கம். எட்டு மணிக்குக் கடையடைப்பவர் ஒன்பது மணிக்கு முன்னால் எப்படிச் சாப்பிடுவார்? நடுவில் பசிக்காமலிருக்கக் காலை பத்தரை மணிக்கு ஒரு ரொட்டியும், மாலை ஆறு மணிக்கு ஒரு சிற்றுண்டியும் வைத்திருக்கிறார்கள். ஆக மொத்தம் நான்கைந்து வேளை. யாத்திரிகர்கள் இரண்டு பெரிய வேளைகளை மட்டும் பார்த்துத் திகைக்கிறார்கள், அந்தச் சின்ன வேளைகளைக் கவனிப்பதில்லை. அந்த ஊர்த் தொழிலாளி பத்தரை மணிக்குச் சாப்பிடும் ரொட்டியை நாமும் அதே நேரத்தில் சாப்பிட்டால், இரண்டரை வரை தாங்கும்.

கீழக்கரை_சங்கு

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம். நாங்கள் மூவரும் விடுமுறையில் ஊருக்கு வந்து அங்கிருந்து கிளம்புகிறோம். தட்டையான இந்தக் கடற்கரையில் மலைக்குப் பயிற்சி எடுப்பது எப்படி?

தங்கச்சிமடம்_கொண்டல்

மூச்சுக்கும் கணுக்காலுக்கும் நம் மணலே போதும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலை ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீட்டர். போகும்போது சாலையிலும், வரும்போது முடிந்த இடத்தில் ஓர மணலிலும், முதுகில் ஏழெட்டுக் கிலோ பையோடு நடந்தால் அன்றைய தூரத்தில் முக்கால் பங்கு ஆகிவிடும். தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று எதிரே அடிக்கும் மாதங்களில் நடந்தால் இன்னும் நல்லது. கணவாய்க்குக் கீழே மரங்களற்ற புல்வெளியில் காற்று ஆளைத் தள்ளும், அதற்கு நம்மவர்கள் பயப்படுவதில்லை என்பது நமக்கிருக்கும் ஒரே அனுகூலம். பனிமூட்டம் வேறு விஷயம், அது வந்தால் கம்பங்களில் உள்ள குறிகளை விட்டு விலகாதீர்கள்.

மணல் கற்றுத்தராதது இறக்கம். கணவாயிலிருந்து ரொன்சேஸ்வயேஸுக்குப் புங்கைபோல் அடர்ந்த பீச் மரக்காட்டின் வழியே ஏறக்குறைய 480 மீட்டர் செங்குத்தாக இறங்க வேண்டும், சருகு ஈரமாக இருந்தால் வழுக்கும். முன்தொடை தசைகள் அங்கேதான் கிழிந்ததுபோல் வலிக்கும். பழனிக்கோ அழகர்கோயிலுக்கோ போய், ஏறுவதைவிட இறங்குவதை அதிகம் பழகுங்கள். இபன்யேதா கணவாய் வழியாகச் சுற்றி இறங்கும் மற்றொரு பாதை சற்று நீளமானாலும் சரிவு குறைவு, முட்டி வலி உள்ளவர்கள் அதையே எடுங்கள்.

பயிற்சி நாள்களில் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். காலை பத்துக்கு ஒரு ரொட்டி, மதியம் இரண்டரைக்குச் சாப்பாடு, இரவு எட்டரைக்கு மேல் இன்னொரு சாப்பாடு. தனுஷ்கோடி மீன் கடைகளில் இரண்டரை மணிக்குப் போனாலும் பொரித்த மீன் கிடைக்கும், ஆகவே பட்டினி கிடக்க மாட்டீர்கள். செப்டம்பர் அங்கே கூட்டம் மிகுந்த மாதம், ஒரிசோன் விடுதியில் படுக்கை வேண்டுமானால் இப்போதே எழுதிக் கேளுங்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மேல்பாதையை மூடிவிடுவார்கள் என்பதால், தேதியைத் தள்ளிப்போடுவதாக இருந்தால் பள்ளத்தாக்கு வழியான வால்கார்லோஸ் பாதைதான் உங்களுக்கு மிஞ்சும்.

கீழக்கரை_சங்கு

ஒரிசோனுக்கு எழுதிவிட்டேன், அண்ணன். எங்கள் தேதிக்குப் படுக்கை இல்லை என்று பதில் வந்துவிட்டது, மதிய ரொட்டி மட்டும் முன்பதிவு செய்யலாமாம். மூன்று ரொட்டி, தொடைக்கறி இல்லாமல், பாலாடைக்கட்டி மட்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.